பீரோவில் பத்தொன்பது நாள்

இராஜபாளையம்,
20.6.2025, வெள்ளி.

அன்பு மகள் எப்சிக்கு,

அப்பா எழுதுகிறேன். கர்த்தர் கிருபையால் இங்கே மூன்று பேரும் சுகம், என் வலது முழங்காலை மட்டும் அதில் சேர்க்காதே. நீயும் புனே மழையில் நனையாமல், வேளைக்குச் சாப்பிட்டு, இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் இரண்டாவது வாக்கியத்தை ஆரம்பிப்பதற்குள் சரிப்பா சரிப்பா என்று சொல்லி அம்மாவிடம் கொடுக்கச் சொல்கிறாய். கடிதத்தை அப்படிச் செய்ய முடியாது. உட்கார்ந்து முழுவதும் படி.

உன் அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அந்தச் சந்தோஷத்தில் மறுபடியும் காபியில் சீனி போட ஆரம்பித்துவிட்டாள். உன் தம்பி ரோஷன் மில்லில் ஷிப்ட் முடிந்து வந்து மத்தியானம் வரை தூங்குகிறான், எழுந்ததும் போனைத்தான் தேடுகிறான். நான் கூமாப்பட்டியில் ஒரு வீட்டுக்கு மேற்பார்வை பார்க்கிறேன். மேற்கே மலையில் சாரல் விழுகிறது, பிளவக்கல் அணைக்குச் சொல்லும்படியாகத் தண்ணீர் வரவில்லை, ஆனாலும் போகிற வழியில் என் வண்டிச் சக்கரம் புதைகிற அளவுக்குச் சேறு மட்டும் இருக்கிறது. போன வாரம் தளம் போட்டார்கள். நான் டீ குடிக்கப் போன நேரம் பார்த்துக் கொத்தனார் இருளப்பசாமி கலவையில் இரண்டு குடம் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றிவிட்டார். ஏன் என்று கேட்டால், "சார், செத்த தண்ணி விட்டாத்தான் கலவை ஓடும். ஒங்க புஸ்தகத்துல உள்ளது கம்பிக்குத் தெரியாதுல்லா" என்கிறார். அந்தக் கலவை முழுவதையும் தூரக் கொட்டச் சொன்னேன். அவருக்கும் கோபம், வீட்டுக்காரருக்கும் கோபம். "வாத்தியாரா இருந்தவர வேலைக்கு வச்சா இப்படித்தான், பரீட்சை வைக்காம விடமாட்டாரு" என்று வீட்டுக்காரர் என் காதில் விழும்படியே சொன்னார். இருந்தவர் என்று சொன்னதுதான் அன்று முழுவதும் எனக்குள் அறுத்துக்கொண்டிருந்தது. நான் வாத்தியாராக இருந்தவனாக மாறியது என் விருப்பத்தால் அல்ல. அதைத்தான் இப்போது எழுதப் போகிறேன்.

ஜூன் நான்காம் தேதி புதன்கிழமை நீ போன் செய்தாய். மாலை வகுப்பில் எம்.டெக். படித்துக்கொண்டே அங்கே ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் சிவில் விரிவுரையாளராகச் சேர இடம் கிடைத்திருக்கிறது, ஜூலை முதல் தேதி வகுப்பு தொடங்குகிறது, சர்வே பாடம் உனக்குத்தான், முப்பதாம் தேதிக்குள் ஒரிஜினல் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும், இரண்டு வருஷம் கழித்துத் திருப்பித் தருவார்கள், ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிடுங்கள் என்றாய். எல்லாரும் கொடுக்கிறாங்கப்பா, அங்க பத்திரமா இருக்கும் என்றும் சொன்னாய். நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அதன் பிறகு நீ நான்கு தடவை கேட்டுவிட்டாய். முதல் வாரம் பீரோச் சாவி ரோஷனிடம் இருக்கிறது, அவன் திருநெல்வேலி போயிருக்கிறான் என்றேன். இரண்டாவது வாரம் தபால் ஆபீசில் சர்வர் வேலை செய்யவில்லை என்றேன். சர்வர் வேலை செய்யாதது உண்மை, ஆனால் ஒரே ஒரு நாள்தான். ரோஷன் திருநெல்வேலிக்குப் போகவேயில்லை. சாவி என் ஸ்கேல் பெட்டிக்குள் இருக்கிறது. இனிச் சாக்குச் சொல்லப் போவதில்லை. உன் சான்றிதழ்களை நான் அனுப்ப மாட்டேன்.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். பத்திரமாக இருக்கும் என்கிறார்களே, யாரிடமிருந்து பத்திரம்? உன் பட்டத்தை உன்னிடமிருந்து காப்பாற்ற அவர்கள் யார்? படித்தது நீ, பரீட்சை எழுதியது நீ, நான்கு வருஷம் மெஸ் சாம்பாரைக் குடித்தது நீ. வேலைக்கு வருகிறவளின் படிப்பைச் சரிபார்க்க வேண்டும் என்றால் பார்த்துவிட்டுக் கையோடு திருப்பிக் கொடுக்க வேண்டியதுதானே. ஒரு ஓட்டலில் பரோட்டா மாஸ்டரைச் சேர்க்கும்போது அவருடைய ரேஷன் கார்டை வாங்கிப் பூட்டி வைக்கிறார்களா? எம்புட்டோ படித்தவர்கள் நடத்துகிற இடத்தில்தான் இந்த அசிங்கம் நடக்கிறது. ஒரிஜினலை வாங்கி வைக்கக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தபோது அதை அறிவிப்புப் பலகையில் நான்கு மூலையிலும் பின் குத்தி ஒட்டியதும் நான் முன்பு வேலை பார்த்த கல்லூரியின் அலுவலகம்தான், அந்த வாரமே புதிதாகச் சேர்ந்த இரண்டு பேரிடம் ஒரிஜினலை வாங்கிப் பூட்டியதும் அதே அலுவலகம்தான்.

நான் வேலை பார்த்த கல்லூரியைப் பற்றி உனக்குத் தெரிந்தது கொஞ்சம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே, பஸ் நின்றதும் இறங்கினால் வெயிலைத் தவிர வேறு எதுவும் இல்லாத இடம். நீ பிறப்பதற்கு முந்தின வருஷம் வெறும் பி.இ.யோடு சிவில் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். சேர்ந்த அன்றே பிளாஸ்டிக் உறையில் போட்டு எல்லா ஒரிஜினலையும் ஒப்படைத்தேன். ஒரு துண்டுச் சீட்டுக்கூட எழுதி வாங்கவில்லை. வாங்கத் தோன்றவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. என்னை அவர்கள் அவ்வளவு பெரிய ஆளாக நினைக்கிறார்கள் என்று எனக்குப் பெருமை வேறு. பிறகு வேலை பார்த்துக்கொண்டே மதுரையில் மாலை வகுப்பில் எம்.இ. சேர்ந்தேன். நான்கு மணிக்கு வகுப்பை முடித்து, சாக்பீஸ் தூசியோடு பஸ் ஏறுவேன். போகும்போது மாணவர்களின் விடைத்தாளைத் திருத்துவேன், வரும்போது என் பாடத்தைப் படிப்பேன். முந்தின நாள் மாலை எனக்குப் புரிந்ததை மறுநாள் காலை என் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். சில நாள் அவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் அன்றைய மாலை என் பேராசிரியரிடம் கேட்டு வந்து சொன்னேன். எப்சி, என் வாழ்க்கையில் நான் நன்றாக இருந்தது அந்த மூன்று வருஷம்தான். வேறு எதைச் சொன்னாலும் பொய்.

எம்.இ. பட்டம் வந்தது. அதையும் வாங்கிப் பூட்டினார்கள். அடுத்த வருஷம் அரசு பாலிடெக்னிக் விரிவுரையாளர் தேர்வு எழுதினேன். நீ அப்போது இரண்டாம் வகுப்பு. எழுத்துத் தேர்வில் தேறினேன், இது உனக்குத் தெரியாது. தேறவில்லை என்றுதான் எல்லாரிடமும் சொன்னோம். சென்னையில் வெள்ளிக்கிழமை சான்றிதழ் சரிபார்ப்பு, ஒரிஜினல் கட்டாயம். திங்கட்கிழமையே எங்கள் துறைத் தலைவர் தேவஇரக்கம் சாரிடம் போய் நின்றேன். சிவில் ஆட்களின் சான்றிதழ் பீரோ அவர் பொறுப்பில்தான் இருந்தது. சேர்மன் கோயம்புத்தூர் போயிருக்கிறார், சாவி அவரிடம் இருக்கிறது என்றார். செவ்வாய்க்கிழமையும் அதையே சொன்னார். புதன்கிழமை, "தவசி, நான் என்னலே செய்ய முடியும், சாவி பறந்தா வரும்" என்றார். வியாழக்கிழமை மாலை ஜெராக்ஸ் காப்பிகளோடு பொதிகை ரயில் ஏறினேன். சென்னையில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நல்லவர்தான், மூன்று முறை கேட்டார். ஒரிஜினல் எங்கே சார் என்றார். கல்லூரியில் இருக்கிறது என்றேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒருவன், "அப்ப வேலையும் அங்கனயே இருக்கட்டும்னு விட்டுட்டு வாங்க சார், எங்களுக்கு நேரமாவுது" என்றான். நான்கு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என் காதில் இருக்கிறது. திரும்பி வந்தபோது நீ ஓடி வந்து மெட்ராசிலிருந்து எனக்கு என்ன வாங்கி வந்தீர்கள் என்று கேட்டாய். ஒன்றும் வாங்கவில்லை என்று உன்னைத் திட்டினேன்.

அதற்குப் பிறகு அங்கே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து விலகினேன். விலகுவதற்கு எதுவும் பாக்கியில்லை என்று பதினான்கு பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பதின்மூன்று வாங்கிவிட்டேன். கடைசிக் கையெழுத்து சர்வே ஸ்டோர். பிளவக்கல் அணையில் நடந்த சர்வே முகாமில் ஒரு ரேஞ்சிங் ராடு காணாமல் போய்விட்டது, பொறுப்பு உங்கள் பெயரில் இருக்கிறது என்றார்கள். மாணவர்கள் நடுவது அந்தச் சிவப்பு வெள்ளைக் கம்பு, உனக்கே தெரியும். ஆறு வருஷத்துக்கு முந்தின முகாம். கம்பு எந்த மாட்டுக்கு முளைக்குச்சியாகப் போனதோ. ஒரு கம்பை வாங்கி வந்து, இரண்டு மீட்டருக்கு அளந்து அறுத்து, இருபது சென்டிமீட்டருக்கு ஒரு பட்டையாக நானே பெயின்ட் அடித்தேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து சிவப்பு டப்பாவைப் பிடித்துக்கொண்டாய். இது யாருக்குப்பா என்று கேட்டாய். ஸ்கூலுக்கு என்றேன். அந்தக் கம்பைக் கொடுத்துத்தான் என் பட்டங்களை மீட்டேன். போதாதற்கு நான் விலகிய பிறகும் இரண்டு வருஷம் அங்கீகாரத்துக்காக ஆய்வுக் குழு வந்தபோதெல்லாம் என் பெயர் சிவில் துறைப் பட்டியலில் இருந்திருக்கிறது. நான் வீடு வீடாகப் பிளான் வரைந்துகொண்டிருந்தேன், தாளில் நான் அங்கே பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அந்தக் கல்லூரியை மூடிவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்று உன் அம்மாவை அல்வா வாங்கி வரச் சொன்னேன். அவள் வாங்கவில்லை.

தேவஇரக்கம் சாரின் முகத்தில் விழிக்கக் கூடாது என்றுதான் ஸ்ரீவில்லிபுத்தூர் சபையை விட்டு இராஜபாளையம் சபைக்கு மாறினோம். தண்ணீர் வசதிக்காக வீடு மாறினோம் என்று உன்னிடம் சொன்னோம். இங்கேயும் தண்ணீர் ஐந்து நாளைக்கு ஒரு முறைதான் வருகிறது, நீ அதைக் கேட்கவேயில்லை.

இவ்வளவும் ஏன் எழுதினேன் என்றால், எல்லாரும் கொடுக்கிறார்கள் என்று நீ சொன்னாய். அந்த எல்லாரில் நான் ஒருவன். நாளை தொடர்கிறேன், கூமாப்பட்டியில் தளத்தைத் தாங்குகிற சென்டரிங் பலகையைப் பிரிக்கிறார்கள், நான் இல்லாவிட்டால் நாள் கணக்கில்லாமல் முட்டையும் சேர்த்து உருவிவிடுவார்கள்.

23.6.2025, திங்கள்.

எப்சி, சனிக்கிழமை எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் எழுதவில்லை. எழுத முடியாதபடி ஒன்று நடந்துவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் சைட்டிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருக்கிறேன், வாசலில் ஆட்டோ நின்றது. தேவஇரக்கம் சார். பதினேழு வருஷத்துக்குப் பிறகு. ஆள் பாதியாகிவிட்டார், கையில் ஊன்றுகோல், இன்னொரு கையில் ஒரு கிலோ பால்கோவா. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் சண்டைக்கு வந்தாலும் பால்கோவாவோடுதான் வருவார்கள். நான் காலைக் கழுவிக்கொண்டே இருந்தேன். உன் அம்மாதான், "வாங்க சார், உள்ள வாங்க, படி இருக்கு பாத்து வாங்க" என்று நாற்காலி போட்டாள். அவர் மகன் அலெக்ஸுக்கு அடுத்த மாதம் கல்யாணம். பத்திரிகையை எடுத்து என் பெயரை என் எதிரிலேயே எழுதினார், எம்.இ. என்று பட்டத்தோடு சேர்த்து எழுதினார். எனக்கு அதைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாங்காமல் இருந்தேன். பத்திரிகையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

பிறகு சொன்னார். "தவசி, பத்திரிகை வைக்க மட்டும் வரல. அன்னைக்கு அந்தச் சாவி சேர்மன்கிட்ட இல்ல. என் மேசை டிராயர்லதான் கெடந்துச்சு. மூணு நாளும் அங்கதான் கெடந்துச்சு" என்றார். அவரே தொடர்ந்தார். "நீ போயிட்டா சர்வே லேப்ப யாரு பாப்பா, எம்.இ. முடிச்ச ஆளு ஒருத்தன் இல்லாம ஆய்வுக்கு என்ன காட்டுவோம்னு நெனச்சேன். பொறவு வேற பரீட்சை வரும், அப்ப விட்டுரலாம், இப்பம் போனா வெளியூர்ல கஷ்டப்படுவ, பிள்ளையும் சின்னது, உன் நல்லதுக்குந்தான்னும் நெனச்சேன். நெசமா அப்படித்தான் நெனச்சேம்ல" என்றார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன் எப்சி. என்ன பேசினேன் என்று முழுவதும் எழுத முடியாது, எழுதவும் கூடாது, பக்கத்து வீட்டு ரெட்டியார் வெளியே வந்து பார்க்கிற அளவுக்குப் பேசினேன். என் நல்லதை முடிவு செய்ய நீர் யார், உம் டிராயரில் கிடந்தது சாவியா என் ஆயுசா என்று கேட்டேன். என் பட்டத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு மூன்று நாள் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல உமக்கு எப்படி வாய் வந்தது என்று கேட்டேன். நான் மூச்சு வாங்க நிறுத்தின இடத்தில், "என்னோடதும் அதே பீரோவுலதாம்ல கெடந்துச்சு. சாவி என் கையில. என்னோடத எடுக்கவே எனக்குத் தைரியம் இல்ல. ரிட்டயர் ஆன அன்னைக்குத்தான் அத நான் தொட்டுப் பாத்தேன்" என்றார். அதைக் கேட்டு எனக்கு இரக்கம் வந்தது என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், வரவும் இல்லை. ஒரு கோழையிடம் என்னைத் தோற்கவிட்டீரே ஆண்டவரே என்றுதான் இருந்தது. அவர் பத்திரிகையை மேசையில் வைத்துவிட்டு, படியில் உன் அம்மா கையைப் பிடித்து இறங்கிப் போனார்.

நான் அதன் பிறகும் ஓயவில்லை. நடுவீட்டில் நடந்துகொண்டே இருந்தேன். நன்மைக்காம், நல்லதுக்காம், சாவி இல்லை என்று எப்படிக் கூசாமல் சொன்னான் பார் என்று கத்திக்கொண்டிருந்தேன். உன் அம்மா பால்கோவா டப்பாவைத் திறந்து ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, சர்க்கரை இருக்கிற மனுஷி, நிதானமாகக் கேட்டாள். "அவிய டிராயர்ல வச்சிருந்தாவ. நீங்க சாவிய எங்க வச்சிருக்கீய?"

எனக்குப் புரியவில்லை. எந்தச் சாவி என்றேன். "ரோஷன் திருநெல்வேலிக்குக் கொண்டு போனானே, அந்தச் சாவி. பிள்ளை நாலு மட்டம் கேட்டுட்டா. நீங்களும் அவியளும் ஒரே காலேஜ்லதான வேலை பாத்தீய" என்றாள். ரோஷன் அந்த நேரம் பார்த்து அறையிலிருந்து வந்து, நான் எப்பம்மா திருநெல்வேலி போனேன் என்று கேட்டான். அவனை ஏலே உள்ளே போ என்று விரட்டினேன். ஆனால் அவன் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உட்கார்ந்திருந்தேன், பிரசங்கம் ஒன்றும் ஏறவில்லை. வேறு வேலையும் ஓடவில்லை. அவருடைய சாக்கையும் என்னுடைய சாக்கையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். சேர்மன் கோயம்புத்தூரில், ரோஷன் திருநெல்வேலியில். அவர் மூன்று நாள், நான் பத்தொன்பது நாள். அவர் என் நல்லதுக்கு என்று நினைத்தார், நானும் உன் நல்லதுக்கு என்றுதான் நினைத்தேன். அவருக்கு லேப்பைப் பார்க்கிற ஆள் போய்விடுமே என்று பயம். எனக்கு என்ன பயம் என்று கேட்டால், அதையும் எழுதிவிடுகிறேன், நீ அங்கே வேலையில் உட்கார்ந்துவிட்டால் படிப்பை முடித்து இந்தப் பக்கம் திரும்பி வரமாட்டாய் என்ற பயமும் அதில் இருந்தது. அந்தப் பாலிடெக்னிக்காரர்கள் மேல் எனக்குள்ள கோபம் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. ஆனால் அவர்கள் செய்யப் போவதாகச் சொன்னதை நான் முன்னாடியே செய்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தின் முதல் பகுதியைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம் என்று பார்த்தேன். செய்யவில்லை. உன் மாணவர்களுக்கு முதல் நாள் நீ சொல்ல வேண்டியது அதுதான். பிளவக்கல் முகாமில் ஒரு பையன் லெவல் கணக்கு ஒத்துவரவில்லை என்று அளவு எழுதுகிற பீல்டு புக்கில் ரீடிங்கை ரப்பர் போட்டு அழித்துப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தான். அந்த ரப்பரைப் பிடுங்கி அணைத் தண்ணீரில் எறிந்தேன். பீல்டு புக்கில் எதையும் அழிக்கக் கூடாது. தப்பு என்றால் ஒரே ஒரு கோடு, அடியில் உள்ளது படிக்கும்படி இருக்க வேண்டும், சரியானதை மேலே எழுத வேண்டும். உன் சான்றிதழ்களை நான் அனுப்ப மாட்டேன் என்று வெள்ளிக்கிழமை எழுதிய வரியை ஒரே கோடாக அடித்திருக்கிறேன், நீ கவனித்திருப்பாய். மேலே எழுதியிருப்பது இன்றைய கையெழுத்து. அனுப்பிவிட்டேன் என்று.

இந்தக் கவரில் ஏழு தாள்கள் இருக்கின்றன. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பி.இ. மதிப்பெண் பட்டியல், தற்காலிகச் சான்றிதழ், பட்டம். போன கிறிஸ்மஸுக்கு வந்தபோது விடுதி அறை ஒழுகுகிறது என்று நீயே கொண்டுவந்து என்னை நம்பிக் கொடுத்தவை. இன்று காலை தபால் ஆபீஸ் திறந்ததும் முதல் ஆளாக நின்று அனுப்பப் போகிறேன், வியாழன் அல்லது வெள்ளி உன் கையில் இருக்கும், முப்பதாம் தேதிக்கு நாள் இருக்கிறது. தனியாக இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து என்னிடம் வைத்திருக்கிறேன். யார் சொன்னாலும் எதையும் லேமினேட் செய்யாதே.

கொடுப்பதும் கொடுக்காததும் உன் முடிவு. உனக்கு அந்த வேலை வேண்டும் என்று எனக்குத் தெரியும். நீ சர்வே பாடம் உனக்குத்தான் என்று சொன்னபோது உன் குரல் எப்படி இருந்தது என்பதும் எனக்குத் தெரியும், அதனால்தான் போனை அம்மாவிடம் கொடுத்தேன். நீ கொடுத்தால் எனக்குக் கோபம் வரும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன், எனக்குக் கோபத்தோடு இருந்து பழக்கம்தான். ஆனால் ஒன்று கேள். முதலில் ஒரிஜினலைக் காட்டு, சரிபார்த்ததும் கையை நீட்டிக்கொண்டு அங்கேயே நில். கொடுத்தே தீர வேண்டும் என்றால் எந்தத் தாள், எந்தத் தேதி, எப்போது திருப்பித் தருவார்கள், நடுவில் நீ கேட்டால் எத்தனை நாளில் தருவார்கள் என்று முத்திரையோடு எழுதி வாங்கு. இப்படி எழுதிக் கொடுக்கிற வழக்கமில்லை என்பார்கள். மாதிரி இல்லை என்பார்கள். அதற்காகத்தான் ஏழு தாளோடு எட்டாவதாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். பச்சைத் தாள், என் பிளான் கவரிலிருந்து கிழித்தது. அதில் இருப்பதை இங்கேயும் எழுதுகிறேன்.

இராஜபாளையம் அ. தவசிமுத்து ஆகிய நான், என் மகள் த. எப்சியின் ஏழு ஒரிஜினல் சான்றிதழ்களை, அவள் நான்கு முறை கேட்ட பிறகும், 4.6.2025 முதல் 23.6.2025 வரை பத்தொன்பது நாள், அவள் சம்மதம் இல்லாமல் என் பீரோவில் வைத்திருந்தேன். இன்று அனைத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கீழே கையெழுத்தும் தேதியும் போட்டிருக்கிறேன். அவர்கள் மாதிரி கேட்டால் இதைக் காட்டு. காட்ட எனக்கு வெட்கமில்லை. என் வாழ்நாளில் எனக்கு யாரும் எழுதித் தராததை உனக்கு எழுதித் தந்திருக்கிறேன்.

அலெக்ஸ் கல்யாணத்துக்குப் போவேனா என்று தெரியவில்லை. உன் அம்மா பட்டுச்சேலையை வெளியே எடுத்து வெயிலில் போட்டுவிட்டாள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பீரோச் சாவி இனி டிவி மேல் இருக்கும். கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, நீ நிற்கிற வகுப்பறையையும் ஆசீர்வதிப்பாராக. மாலை வகுப்பை எக்காரணம் கொண்டும் விடாதே. கவர் கிடைத்ததும் தாளை எண்ணிப் பார்த்து எனக்குப் போன் செய். அம்மாவிடம் கொடுக்கச் சொல்லாதே, என்னிடம் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா,
அ. தவசிமுத்து, எம்.இ.